பத்துக் காசும் களவுபோன தூக்கமும்

ஒரு ஊர்ல ஒரு பூக்காரி. பேரு வடிவு. அவளுக்கு ஒரே ஒரு கைக்குழந்தை. அந்தப் பிள்ளையோட தூக்கத்தை யாரோ களவாண்டுட்டுப் போயிட்டாங்க. மூணு நாளா கண்ணு மூடல. ங்ஙா ங்ஙான்னு ஒரே அழுகை. பெத்த வயிறு பத்தி எரியாதா? ம்... எனக்கும் பிள்ளைன்னு நீ வாய்ச்சிருக்கியே, தூக்கத்தை வச்சுக்கிட்டே தூங்காம.

அப்புறம், எங்கிருந்தோ பால் வாசனை வந்துச்சு. பிள்ளைத் தூக்கத்துக்கு அந்த வாசனைதான். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஊர்க்கோடியில ஒரு படிக்கிணறு. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு மெல்ல... மெல்ல... இறங்கினா. அடியில ஒரு பூதம். அது கையில ஒரு செம்பு. செம்புக்குள்ள தூக்கம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது.

"என் பிள்ளை தூக்கத்தைக் குடுய்யா."

"ஒரு கணக்கு போடு, தரேன். மூணு தடவைதான். தோத்தா தூக்கம் எனக்கே."

பூதம் பத்துக் காசைக் கலகலன்னு தரையில பரப்புச்சு. "இதுல நாலு காசு பூ விழுந்திருக்கு, ஆறு காசு தலை. ரெண்டு கூறா பிரி. ரெண்டுலயும் பூ சமமா இருக்கணும். எடு, வை, புரட்டு, உன் இஷ்டம். ஆனா இருட்டுல!"ன்னு சொல்லிட்டு, கையை மேல நீட்டி, கிணத்து வாயை உள்ளங்கையால மூடிருச்சு. உச்சி வெயில்லயும் கும்மிருட்டு.

வடிவு அஞ்சு அஞ்சா பிரிச்சா. பூதம் கையை எடுத்துச்சு. ஒரு பக்கம் மூணு பூ, இன்னொரு பக்கம் ஒண்ணு.

"போச்சு!"

அப்புறம் பூதம் மறுபடி பரப்புச்சு, மறுபடி மூடுச்சு. இந்தத் தடவை விரலால தடவினா. தேய்ஞ்ச காசு, வழுவழுங்குது. குத்துமதிப்பா பிரிச்சா. நாலு பூவும் ஒரே பக்கம்.

"ரெண்டாவதும் போச்சு!"

பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாம விசும்புச்சு. வடிவு அதை மாரோட அணைச்சுக்கிட்டா. கேக்குறியா சாமி? ம்.

மூணாந்தடவை இருட்டுல உக்காந்து தன் கூடையை நினைச்சா. நாலு தாமரை விக்கக் கொண்டு போனா, கூடையில எத்தனை இடம் காலியோ, அத்தனை தாமரை வெளிய போயிருக்கு. அதை எண்ணிப் பார்க்க வீடு வீடாவா போவா?

அப்போ கைக்கு வந்த நாலு காசை மடியில போட்டா. பூ மொத்தம் நாலு. மடியில ஒரு தலை இருந்தா, ஒரு பூ வெளிய கிடக்கு. ரெண்டு தலை இருந்தா, ரெண்டு பூ வெளிய. அப்போ மடியில இருக்கிற தலையெல்லாம் பூவாயிட்டா? சடக். சடக். சடக். சடக். நாலையும் புரட்டிட்டா. தலையெல்லாம் பூவாச்சு, பூவெல்லாம் தலையாச்சு.

பூதம் கையை எடுத்துச்சு. மடியில மூணு பூ. தரையில மூணு பூ.

"ஆத்தா! நூறு வருஷமா இந்தக் கணக்கு விளங்காமத்தான் நான் தூங்கல. அதான் உன் பிள்ளை தூக்கத்தைக் களவாண்டேன். என் உடம்புக்கு அது ஒத்தைக் கண்ணுக்குக்கூடப் பத்தலையே!"

செம்பைத் திறந்துச்சு. பால் வாசனை மெல்ல மெல்லப் பரவுச்சு. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு அம்மா தோள்ல சாஞ்சுது. பூதமும் கடைசிப் படியில தலையை வச்சு, கொர்ர்ர்...

வடிவுக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. பாவம், அதையும் ஒருத்தி பெத்திருப்பாள்லன்னு, முதுகுல ரெண்டு தட்டு தட்டிக் குடுத்துட்டு மேல ஏறினா.

கணக்கும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. கண்ணை மூடு சாமி.