மேகக் கணவாயைத் தாண்டிய சைக்கிள்

மேகங்கள் வந்து படுத்துறங்கும் ஒரு சோலைக்காட்டில் மின்னி என்ற மந்தி வாழ்ந்து வந்தாள். மலைக்கு வந்த யாரோ விட்டுப்போன சைக்கிள் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அங்கிருந்து பார்த்தால் மலைகள் நீலநீலமாய் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கடைசி மலையின் இரு முகடுகளுக்கு நடுவே ஒரு கணவாய். அதைத் தாண்டினால் வானத்தின் நிறத்தில் ஓர் ஏரி இருப்பதாகப் பறவைகள் சொல்லின. எந்த மந்தியும் அங்கே போனதில்லை. மின்னிக்குக் கண்ணை மூடினால் அந்த ஏரிதான்!

அவள் புறப்பட்ட காலையில் முள்ளம்பன்றி முள்ளப்பர் வழிமறித்தார்.

"அம்மாடி, என்னையும் ஏத்திக்கோ! ஏரிக்கரையில கட்டிக்கொடுத்த என் மக குட்டி போட்டிருக்காளாம். இந்தக் குட்டைக் காலை வச்சுக்கிட்டு நான் எப்போ போய்ச் சேர?"

"ஏறுங்க மாமா! முள்ளை மட்டும் மடக்கி வச்சுக்குங்க!"

இருவரும் கிளம்பினார்கள். காடு முடிந்து புல்வெளி வந்தது. புல்வெளி முடிந்து வெறும் பாறை வந்தது. பனிமூட்டத்தில் சக்கரம் தரையில் உருள்கிறதா, காற்றில் மிதக்கிறதா என்றே தெரியவில்லை. பின்னால் கேரியரில் முள்ளப்பர் அரைத்தூக்கத்தில் ஏதோ பாடிக்கொண்டு வருவார். நடுநடுவே அவர் முள் குத்தி டயர் பஞ்சராகும். மரப்பிசின் வைத்து ஒட்டிவிட்டு மறுபடி மிதிப்பாள் மின்னி.

கடைசி ஏற்றத்தின் அடியில் ஒரு குள்ளநரி உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரையில் காட்டுக்கோழிகள் அதிகம் என்று கேள்விப்பட்டவன். ஆனால் நடக்க மட்டும் சோம்பல்!

முள்ளப்பர் ஓடையில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மின்னியின் காதைக் கடித்தான்.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? அந்த மூட்டையை இங்கேயே இறக்கிவிடு. நான் பஞ்சு மாதிரி. வழியும் எனக்குத் தெரியும்!"

மின்னியின் கால்கள் வலித்தன. ஏரியோ பக்கத்தில்தான் இருந்தது.

"மாமா, ஏத்தம் செங்குத்தா இருக்கு. நீங்க இங்கேயே இருங்களேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

முள்ளப்பர் கேரியரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "சரிம்மா. பார்த்துப் போ" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மின்னிக்குத் தோன்றியது. ஆனாலும் நரியை ஏற்றிக்கொண்டு மிதித்தாள். சைக்கிள் பறந்தது!

கணவாயின் வாயில் காற்று காத்திருந்தது. மலையே பெருமூச்சு விட்டதுபோல் ஓங்கி அடித்தது. முன்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டது.

"அக்கா, உயிரோட இருந்தா பார்க்கலாம்!" என்று நரி குதித்து, வந்த வழியே ஓடிவிட்டான்.

காற்று சைக்கிளைப் பள்ளத்தின் விளிம்புக்கு இழுத்தது. மின்னி வாலைப் பாறையில் சுற்றிக்கொண்டு, ஹேண்டில்பாரை விடாமல் தொங்கினாள். கீழே மேகம் மட்டும் வெள்ளைவெளேரென்று, ஓசையே இல்லாமல், நகர்ந்துகொண்டிருந்தது. கத்தினாள். காற்று அந்தக் குரலையும் தூக்கிக்கொண்டு போனது.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து 'கலகல'வென்று முட்கள் உரசும் சத்தம் கேட்டது.

"மாமா! நீங்களா?"

"பேரப்பிள்ளையைப் பார்க்கணுமே! நடந்தே வந்துட்டேன்!"

"மாமா, நான் உங்களை…"

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்! முதல்ல வாலால கெட்டியாப் பிடி!"

முள்ளப்பர் கேரியரைப் பல்லால் கவ்விப் பின்னுக்கு இழுத்தார். சைக்கிள் பாறைமேல் ஏறியதும், தொப்பென்று அதன்மேல் குந்தினார். காற்று முட்டியது, மோதியது. அந்தப் பருத்த உடம்பை அதனால் அசைக்க முடியவில்லை. மின்னி குனிந்து தள்ளினாள். ஒவ்வொரு அடியாகக் கணவாயைக் கடந்தார்கள்.

அப்பால் காற்றே இல்லை. ஏரியில் வானம் தலைகீழாகப் படுத்திருந்தது. மிதிக்காமலேயே சைக்கிள் இறங்கியது.

"மாமா, என்மேல கோபமா?"

"இருக்கு! அதுக்காகப் பிரேக்கை விட்டுடாதே!"

கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி, இன்னும் முள் கூடத் தடிக்காமல், தாயின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. முள்ளப்பர் அதன் பக்கத்தில் மெல்லப் படுத்துக்கொண்டார்.

பாரம் என்று நாம் இறக்கிவிட நினைக்கும் துணைதான், பெருங்காற்று அடிக்கும்போது நம்மைத் தரையில் நிறுத்தும்.