உமையாள் பார்த்த நான்கு தேசங்கள்

கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. அதன் ராஜா வாரிசு இல்லாமல் செத்துப்போனார். தீவுக்காரர்கள் கூடிப் பேசி, தங்கள் ஊரில் பிறந்து அக்கரையில் ஒரு குருவிடம் பதினைந்து வருடமாகச் சிஷ்யையாக இருந்த உமையாளைத் தேடி வந்தார்கள்.

"நீங்களே வந்து ஆளணும். எந்த மாதிரி ஆட்சின்னும் நீங்களே சொல்லிடுங்க."

பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு அவர்கள் நிம்மதியாகப் படகேறினார்கள். உமையாளுக்குத்தான் தூக்கம் போயிற்று. எட்டு மாதம் நான்கு தேசங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்பைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பி வந்தாள். மறுநாள் பதில் வாங்கப் படகு வந்துவிடும்.

குரு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, ஒரு தேசத்துல ராஜா ஆளுறார். ரோடெல்லாம் அவ்வளவு சுத்தம். இன்னொண்ணுல தளபதி. அங்கே திருட்டே இல்லை. மூணாவதுல ஒரே கட்சி, எல்லார் வீட்டிலயும் சோறு இருக்கு. நாலாவதுல ஜனங்க ஓட்டுப் போடுறாங்க. எப்பப் பாரு சண்டை. ஒரு பாலத்தைப் பதினோரு வருஷமாக் கட்டுறாங்க."

"சரி."

"எதைச் சொல்லவும் பயமா இருக்கு. நான் தப்புப் பண்ணினா ஒரு ஊரே கெட்டுப்போகுமே!"

"அங்கெல்லாம் முன்னாடி ஆட்சியில இருந்தவங்களைப் பார்த்தியா?"

உமையாள் தன் நோட்டுகளைப் புரட்டினாள். நான்கு நோட்டு நிறைய எழுதி வந்திருந்தாள். இந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"ராஜாவோட ஊர்ல?" என்றார் குரு.

"முன்னாடி அவரோட அண்ணன் ஆண்டாராம். சமாதியைக் காட்டினாங்க. எப்படிச் செத்தார்னு கேட்டேன். கேட்காதேன்னுட்டாங்க."

"தளபதி ஊர்ல?"

"ஜெயில்ல இருக்காராம்."

"ஒரே கட்சி ஊர்ல?"

"டீக்கடையில பழையவர் பேரைச் சொன்னேன். அத்தனை பேரும் டீயை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க."

குரு மாட்டின் மறுபக்கம் போய்த் தேய்த்தார்.

"நாலாவதுல?"

உமையாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரைச் சந்தையில பார்த்தேன், சுவாமி! கையில பை. கத்தரிக்காய் விலை ஜாஸ்தின்னு சண்டை போட்டார். காய்க்காரம்மா விடுவாங்களா? 'உங்க ஆட்சியில மட்டும் சும்மாவா குடுத்தாங்க? வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி நகருங்க'ன்னு விரட்டினாங்க."

"வாங்கினாரா?"

"சொத்தை இருக்கான்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து அரைக் கிலோ வாங்கினார்."

சொல்லி முடித்தபோது உமையாளுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. எட்டு மாதத்தில் முதல்தடவையாகப் பசித்தது.

"அங்கே சண்டை ஓயாது, சுவாமி."

"ஓயாது."

"பாலமும் சீக்கிரம் முடியாது."

"முடியாது."

"அந்த மாதிரி ஆட்சியிலயும் நான் தப்புப் பண்ணிட்டா?"

குரு வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மாட்டின் முதுகில் ஊற்றினார்.

"உமையா, உனக்குக் கத்தரிக்காய் பார்த்து வாங்கத் தெரியுமில்ல?"