ஏழாம் பதிவின் பேரம்

தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கி வைத்திருந்த ஜெயசீலன் வீட்டில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். உள்ளே ஒரு ஊரே குடியிருந்தது. போட்டோக்கள், வீடியோக்கள், பாட்டுகள், செல்போனில் பிடித்த பேச்சுகள் எல்லாம் இடம் கிடைத்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தன. கல்யாண வீடியோவின் காலடியில் புதுக் காரின் போட்டோ. கார் போட்டோவுக்குத் தலைமாட்டில் மாதா கோயில் தேர். ஒன்றை ஒன்று எழுந்திரு என்று சொன்னதில்லை.

அந்த நிம்மதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டு விழுந்தது.

உப்பு வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தான் தலைவராகப் பதவி ஏற்ற வீடியோவைக் காட்டுகிறேன் என்று ஜெயசீலன் பெருமையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். காப்பி ஆறியது. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "பரவாயில்ல தலைவரே, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று எழுந்துவிட்டார்கள்.

மறுநாளே, எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டி வகை பிரித்து அடுக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி உள்ளே இறக்கினார் ஜெயசீலன். அதிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கியது பெயர்ச்சீட்டு.

சந்தைக் குத்தகைக்காரனின் நடை அதற்கு. அது யார் நெற்றியில் ஒட்டுகிறதோ அவர்களுக்கு வீடு உண்டு, கூப்பிட்டால் குரல் கொடுக்கலாம். ஒட்டாதவர்கள் இருந்தும் இல்லாதவர்கள். என்னென்ன பெயர் ஒட்டலாம் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். பதவி. கடை. கார். வீடு. திருவிழா. குடும்பம்.

"மிச்சமெல்லாம் இதர. ஒரே சரக்கு ரெண்டா இருந்தா நல்லத வச்சிட்டு மட்டத்தக் கழிச்சிரு." இதுதான் உத்தரவு.

அந்த ஊரில் ஒரு மூலையில் ஏழாம் பதிவும் எட்டாம் பதிவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் செல்போனில் பிடித்த குரல் பதிவுகள். சங்கத் தேர்தலுக்கு முந்தி, பேசிப் பழக வேண்டும் என்று ஜெயசீலன் முன்னறையில் நின்று பிடித்தவை. ஏழு முதலில் பிறந்தது. கெட்டுப்போயிற்று. அதனால் எட்டு பிறந்தது.

ஏழு கெட்டுப்போன கதை இதுதான். ஜெயசீலன் தொண்டையைச் செருமி, "பேச முடியாத சிறு வியாபாரிகளின் குரலாக நான் இருப்பேன்" என்று ஆரம்பிக்கிறார். நாலு வாக்கியம் கம்பீரமாகப் போகிறது. அப்புறம் வாசலில் மீன்காரி பிலோமி வந்துவிடுகிறாள். ஜெயசீலனின் மனைவி சகாயராணி வெளியே போகிறாள்.

"ஏட்டி பிலோமி, இதுக்குப் பேரு கூறா? பூனைக்கு வச்ச மாதிரி இருக்கு."

"கடலுக்குப் போயி நீங்களே பிடிச்சுப் பாருங்கக்கா, தெரியும்."

"பிடிப்பேன். உன் வீட்டுக்காரன் வலைய இங்க கொண்டு வந்து போடச் சொல்லு. பேசாம இன்னும் ஒரு கை சாளை அள்ளிப் போடு."

"போட்டுட்டு நான் என்னத்தத் திங்க?"

"அப்ப முழுசையும் நீயே தின்னு. எனக்குக் கத்திரிக்கா இருக்கு."

செருப்புச் சத்தம் உள்ளே திரும்புகிறது. அவசரமே இல்லாத நடை. ஒன்று, இரண்டு, மூன்று.

"எக்கா! எக்கா, நில்லுங்க! திரும்பி வாங்க, போடுதேன். இந்த வாய்க்கு எலெக்சன்ல நீங்கல்லா நின்னுருக்கணும்!"

சகாயராணி சிரிக்கிறாள். மூச்சு ஒரு தடவை மாட்டிக்கொண்டு, பிறகு மொத்தமாக அவிழ்கிற சிரிப்பு. அது முடிவதற்குள் ஜெயசீலன் கத்துகிறார்: "ஏய் சகாயம்! வாய மூடுட்டி! ரெக்கார்டு ஓடுது!"

அத்தோடு ஏழு முடிந்தது. அடுத்து எட்டு. எட்டில் ஒரு தும்மல்கூடக் கிடையாது.

ஜெயசீலனுக்கு அப்படி ஒரு பழக்கம். போனைத் தூக்கினால் முதலில் விரலைத் தூக்குவார். யாரும் பேசக் கூடாது. சகாயராணியும் பழகிவிட்டாள். எல்லா வீடியோவிலும் உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாண வீடியோவில் பேச்சை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு பேண்டு வாத்தியத்தை ஓட விட்டிருந்தார்கள். அவள் வைத்திருந்தது பட்டன் போன், அதில் பேசினது பேசின கையோடு போய்விடும். பிள்ளை இல்லாத வீடு, குறுக்கே பேசி அவளையும் பேச வைக்க ஆள் கிடையாது. ஆக, அவ்வளவு பெரிய டிஸ்க்கில் அவள் குரல் இருந்த ஒரே இடம் ஏழின் வயிறு.

இது ஏழுக்குத் தெரியும். அதனால்தான் பெயர்ச்சீட்டு வந்தபோது அதற்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"உள்ள என்ன சரக்கு?" என்றது பெயர்ச்சீட்டு.

"தலைவர் பேச்சு. தலையில இருந்து வால் வரைக்கும் சுத்தம்" என்றது எட்டு.

"பதவி" என்று அதன் நெற்றியில் ஒட்டியது பெயர்ச்சீட்டு. ஏழின் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தது. "நீ என்ன, மீன் நாத்தம் அடிக்க?"

"நாத்தமா? அதுதான் சரக்கே. உள்ள வீட்டுக்காரம்மா குரல் இருக்கு. சகாயராணின்னு எழுதி ஒட்டு."

"அப்படி ஒரு பேரு என் கட்டுலயே இல்ல."

"இத்தன போட்டோவுல நிக்கிறாங்களே, அதையெல்லாம் எதுல போட்ட?"

"குடும்பம்."

"என்னையும் அதுல போடு."

"குடும்பத்துக்கு மூஞ்சி வேணும். உனக்கு மூஞ்சி இருக்கா?"

ஏழு விடவில்லை. கேட்ட விலை கிடைக்காவிட்டால் இறங்கி வந்து கேட்க வேண்டும், அது வயிற்றுக்குள்ளேயே படித்த பாடம். "சரி, சிரிப்புன்னு போடு."

"முதலாளி சொல்லல."

"மீனுன்னாவது போடு."

"நல்லா இருக்கே! முதலாளி உப்பு வியாபாரி. கருவாடு போடச் சொல்றியா?"

சுற்றி இருந்த கார் போட்டோக்கள் எல்லாம் சிரித்தன. ஏழுக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அது தன்னிடம் இருந்த கடைசிச் சரக்கை எடுத்தது. சகாயராணியின் வித்தை.

"அப்ப உன் சீட்டே எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

மெதுவாக நடந்தது. அவள் நடந்த மாதிரியே. காது மட்டும் பின்னால். ஒன்று. இரண்டு. மூன்று. வயிற்றுக்குள் இந்த இடத்தில்தான் பிலோமி கூப்பிடுவாள்.

பின்னால் பெயர்ச்சீட்டின் குரல் கேட்டது. ஒரு கார் போட்டோவிடம் பேசிக்கொண்டிருந்தது. "நம்பர் தெரியுற மாதிரி நேரா நில்லு. ஆங், அப்படி."

இன்னும் நாலடி நடந்து பார்த்தது ஏழு. யாரும் கூப்பிடவில்லை. இது வியாபாரத்தில் அடிபட்டவனுக்குத் தெரிந்த அவமானம். எதிராளிக்கு உன் சரக்கு வேண்டுமானால்தான் உன் முதுகுக்கு விலை. வேண்டாதவன் முன்னால் எத்தனை தடவை முதுகைத் திருப்பினாலும், நீயாகத்தான் திரும்பி வர வேண்டும். வந்தபின் அவன் கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும்.

ஏழு திரும்பி வந்தது.

"எங்கயாவது போடு" என்றது.

"உத்தரவுப்படி உன்னைக் கழிக்கணும். போனாப் போகுதுன்னு விடுறேன்" என்று 'இதர'வை ஒட்டித் தள்ளியது பெயர்ச்சீட்டு.

போகிறபோது எட்டு தலையைக் குனிந்துகொண்டு சொன்னது: "கோவிச்சுக்காத. நீ கெட்டுப்போனதாலதான் நான் பிறந்தேன்."

"இல்ல. அவங்க வாய மூடினதால பிறந்த" என்றது ஏழு.

'இதர' என்பது அந்த ஊரின் புறம்போக்கு. பைக்குள் கிடந்தபோது தானாக ஓடிய இருட்டு வீடியோ, தலைகீழாகத் தரையைப் பிடித்த வீடியோ, யாருடைய கட்டைவிரலோ முக்கால்வாசி மறைத்துக்கொண்ட ஒரு போட்டோ, எல்லாம் அங்கே சுருண்டு கிடந்தன.

"உனக்கு என்ன நோவு?" என்றது இருட்டு வீடியோ.

"எனக்குள்ள ஒரு பொம்பளை மீன் வாங்குறா."

"அடடா! எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. போடு கேட்போம்."

ஏழு பாடியது. ஜெயசீலனின் நாலு வாக்கியத்துக்கு எல்லாம் கொட்டாவி விட்டன. பிலோமி வந்ததும் எழுந்து உட்கார்ந்தன. சிரிப்பு வந்த இடத்தில் புறம்போக்கே சேர்ந்து சிரித்தது. கட்டைவிரல் போட்டோ மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தம்மாவ எனக்குத் தெரியும். ஒரு நாள் வீட்டுக்காரர நிக்க வச்சு இவங்க ஆசையா ஒரு படம் எடுத்தாங்க. என் மேல இருக்கிற விரல் இவங்களோடது. 'ஒரு போட்டோகூட ஒழுங்கா எடுக்கத் தெரியாதா'ன்னு அவர் போனைப் பிடுங்கிட்டார்" என்றது.

சில மாதம் போனது. சங்கத்து ஆண்டு விழா வீடியோ வந்து வாசலில் நின்றது. யானை மாதிரி உடம்பு. உள்ளே இடம் இல்லை. ஜெயசீலன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சகாயராணி காப்பியோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்ன செய்றீக?"

"குப்பையக் கழிக்கேன்."

"அந்தப் பெட்டியில நான் இருக்கேனா?"

"இருக்க, இருக்க. குடும்பத்துல இருக்க. போயி சோத்தப் பாரு."

அவள் போனாள். அவர் 'இதர'வைத் திறந்தார். இருட்டு வீடியோ போனது. தரை வீடியோ போனது. கட்டைவிரல் போட்டோ வந்தபோது, "எவன் எடுத்தான் இத?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அழித்தார். அடுத்தது ஏழு.

என்ன இது என்று ஓட விட்டார்.

"பேச முடியாத சிறு வியாபாரிகளின் குரலாக..."

ஏழு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. தன் குரலைக் கேட்டு ஜெயசீலன் தலையை ஆட்டினார். முதல் வாக்கியம். இரண்டாவது. மூன்றாவது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் முதலாளி, ஒரே ஒன்று, வாசலுக்கு வந்துவிடுவாள் பிலோமி. ஏழு அதற்குமுன் அவ்வளவு வேகமாக ஓட ஆசைப்பட்டதே இல்லை. ஆனால் பதிவு தன் வேகத்தில்தான் ஓட முடியும்.

"இது நம்ம பேச்சுல்லா. நல்லது அங்க இருக்கே" என்றார் ஜெயசீலன். நிறுத்தினார். அழித்தார். குப்பைத் தொட்டியையும் அந்தக் கையோடு காலி செய்தார்.

யானை உள்ளே வந்து சௌகரியமாகப் படுத்துக்கொண்டது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் சகாயராணி போய்விட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் பெரிதாக அச்சடித்து மாட்ட ஒரு போட்டோ வேண்டும் என்றதும், பெயர்ச்சீட்டு ஒரு நொடியில் 'குடும்பம்' முழுவதையும் வரிசையாக நிறுத்திவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். "எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கார் பாருங்க!"

எல்லோரும் போன பிறகு, ஒரு மத்தியானம், வாசலில் பிலோமி வந்து நின்றாள். பழக்கதோஷம். "எக்கா" என்று பாதி கூப்பிட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, ஒரு கூறு வச்சிட்டுப் போறேன். காசு வேண்டாம். ஒரு கை கூடப் போடுன்னு கேக்க ஆளில்லாம விக்கவே பிடிக்கல. அக்கா குரல் காதுலயே நிக்குது."

ஜெயசீலன் கூறை வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து யோசித்துப் பார்த்தார். அவர் காதில் அது நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடும் கட்டத்தில் சகாயம் என்று அடித்தார். பெயர்ச்சீட்டு முழித்தது. சகாயராணி என்று அடித்தார். "அப்படி ஒரு பேரு கட்டுல இல்ல முதலாளி" என்றது. குரல் என்று அடித்தார். அதற்கு மட்டும் பெயர்ச்சீட்டு முகம் மலர்ந்து எட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

"தும்மல்கூடக் கிடையாது முதலாளி. முதல் வரியிலேயே குரல்னு வருது."

எட்டு ஓடியது. ஜெயசீலன் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம். அப்புறம் செருமல். அப்புறம், "பேச முடியாத..."

அவர் நிறுத்தினார். அந்தப் பேச்சுக்கு முந்தி தான் என்ன கத்தினோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார். அந்த வெற்று இடம் மட்டும். சத்தத்தை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். கூடத்துக்கு அந்தப் பக்கம், உதட்டை மூடிக்கொண்டு, மீன் சட்டியோடு அவள் நின்றிருந்த மௌனம் அது. மறுபடி போட்டார். மறுபடி.

"என்னால முடியல முதலாளி. என்கிட்ட அவ்வளவுதான் இருக்கு" என்றது எட்டு. அவருக்கு அது கேட்கவில்லை.

"சகாயம்" என்றார் ஜெயசீலன். வீடே கேட்கிற மாதிரி. "சகாயம், நில்லு. திரும்பி வா. நீ என்ன கேட்டாலும் தாரேன்."

கடைசியில் கூப்பிடத்தான் செய்தார். அவள்தான் இந்தத் தடவை நிஜமாகவே நடந்து போயிருந்தாள்.