முந்நூறு பொன்னாடை அண்ணாச்சி

கழுத்தை நிமிர்த்திய நேரத்தைவிடப் பொன்னாடைக்குக் குனிந்த நேரமே அதிகம் என்று பெயர் வாங்கியவர் சங்கரலிங்க அண்ணாச்சி. தொகுதியில் யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஐந்நூறு ஓட்டில் அண்ணாச்சிக்கு விழுந்தது வெறும் நாற்பத்து மூன்று.

கோபத்தில் டிரைவர் இசக்கியைப் பிடித்துக்கொண்டார். கூட்டந்தோறும் பின்னால் நின்று பொன்னாடைகளை வாங்கி மடிப்பவன் அவன்தான்.

"ஏலே, பத்துக் கூட்டத்துல முந்நூறு பொன்னாடை விழுந்திருக்கு. போர்த்திட்டு ஓட்டை மாத்திப் போட்ட துரோகிகளைச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து நிறுத்து. இல்லேன்னா கார் சாவியை வச்சிட்டுப் போயிரு!"

"போர்த்தினவங்க ஒருத்தர் விடாம வருவாங்க, அண்ணாச்சி" என்றான் இசக்கி.

சாயங்காலம் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று பேர்.

"மிச்ச பேரு எங்கலே?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி. எல்லாக் கூட்டத்துக்கும் இவங்கதான் வந்தாங்க. நீங்க போட்டோக்காரரைப் பார்த்தீங்க, நான் மூஞ்சிகளைப் பார்த்தேன். ஒருத்தரும் துரோகி இல்லை. உங்க மேல உள்ள பிரியத்துல ஆளுக்கு ஏழு தடவை போர்த்தினாங்க. ஓட்டுப் போடத்தான் ஒரு தடவைக்கு மேல விடமாட்டேங்கிறாங்க!"

அண்ணாச்சியின் முகம் வாடியதைப் பொறுக்காமல் முன்னால் நின்றவர் ஆறுதலாக ஒரு பொன்னாடையோடு வந்தார்.

அண்ணாச்சி குனிந்தார். கண் மட்டும் போட்டோக்காரரைத் தேடியது.