பிடிக்காத பெல்ட்

“அம்மா, வண்டி கத்துது” என்றார் ஆதிமூலம்.

“எப்போ?”

“சாவியத் திருப்பினதும். வீல்னு ஒரே கத்தல்.”

“அப்புறம்?”

“கொஞ்ச தூரம் போனா தானா அடங்கிடும்.”

உமையாளம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஆசிரமம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, ஒரு பெரிய அடுப்பு, ஒரு பழைய வேன். மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தினமும் அந்த வேனில்தான் போகும். ஓட்டுவது ஆதிமூலம். வயதில் அம்மையைவிட ரொம்பவே மூத்தவர். ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு. வேறு யார் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை அவர்.

அம்மையிடம் கேள்வி கேட்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அம்மை பதில் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்.

“வேற யாரு கத்துறாங்க?”

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. இந்தம்மாவுக்கு எப்படித்தான் தெரிகிறதோ!

“மகதான்” என்றார்.

“கயலா? எப்போ?”

“போனை எடுத்ததும்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் பேசினா தானா...”

ஆதிமூலம் நிறுத்திக்கொண்டார். அம்மை கீரைக் காம்பை ஒதுக்கிவைத்தார்.

கயல்விழி அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அதனாலேயே அவளிடம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. திண்டுக்கல்லில் டீச்சர் வேலை. செடிப்பண்ணை வைத்திருக்கிற பரிதி என்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நாளைக்குப் பரிதி வீட்டார் பேச வருகிறார்கள்.

“என்ன கேக்குறா?”

“பையனைப் பிடிச்சிருக்கான்னு கேக்குறா.”

“நீங்க?”

“உன் இஷ்டம்மான்னு சொன்னேன்.”

“அதுக்குக் கத்துறாளா?”

“ஆமாம்மா! வேற அப்பனா இருந்தா அருவாளைத் தூக்கியிருப்பான். நான் தங்கமா உன் இஷ்டம்னு சொல்றேன். அதுக்குப் போய்க் கத்துறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லலைன்னா, அவங்களை வரவேணாம்னு சொல்லிடுவாளாம். கல்யாணமே வேணாமாம். நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

மகள் கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம் காலையிலிருந்தே அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அம்மை எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“வாங்க, வண்டியப் பாப்போம்.”

“நான் மகளைப் பத்தி...”

“வண்டியப் பாப்போம்ணே.”

ஆதிமூலம் முன் சீட்டைத் தூக்கி இன்ஜின் மூடியைத் திறந்தார். சாவியைத் திருப்பினார்.

வீல்!

வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. கொட்டகையில் கட்டியிருந்த கன்று மிரண்டு துள்ளியது.

அம்மை கிணற்றடியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கொஞ்சம் எட்டி நின்று, ஓடுகிற பெல்ட்டின்மேல் விரலால் தெளித்தார்.

ஆதிமூலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மையே தீர்த்தம் தெளிக்கிறார்! வேனுக்கு இனி என்ன குறை? கண்களை மூடிக் கைகூப்பினார்.

வண்டி முன்னைவிடப் பெரிதாக அலறியது.

“அம்மா! தீர்த்தம் பட்டதும் இன்னும் கத்துதே!”

“தீர்த்தமா? கிணத்துத் தண்ணிண்ணே” என்றார் அம்மை. “இன்னும் கத்துச்சுன்னா பெல்ட் தொளதொளன்னு இருக்குன்னு அர்த்தம். வண்டிய நிறுத்துங்க. கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க.”

நிறுத்திவிட்டு அமுக்கினார். பெல்ட் பழைய கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்தது. விரல் பிசுபிசுத்தது.

அம்மை அந்த விரலை முகர்ந்து பார்த்தார்.

“நல்லெண்ணெய் வாசம் வருதே?”

ஆதிமூலம் தலையைச் சொறிந்தார்.

“நான்தாம்மா. கத்துதேன்னு தினமும் காலையில ரெண்டு சொட்டு விடுவேன். சாமி விளக்கு எண்ணெய்தான், சுத்தமானது.”

“விட்டா?”

“முதல்ல கொஞ்ச நாள் சத்தம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் இன்னும் கத்துச்சு. நானும் இன்னும் கொஞ்சம் விட்டேன்.”

அம்மை சிரிக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கடைசியில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, கதவுக் கீலு கத்தினா எண்ணெய் விடலாம். பெல்ட்டோட வேலை என்ன?”

“சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்துறது.”

“இது பிடிக்குதா?”

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். பெல்ட் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது.

“பிடிக்கலைம்மா.”

“ம்” என்றார் அம்மை.

ஆதிமூலத்துக்கு வண்டி விஷயம் புரிந்துவிட்டது. மகிழ்ச்சியாக இருந்தது. டிக்கியில் புது பெல்ட் ஒன்று கிடந்தது ஞாபகம் வந்தது.

“புதுசு மாத்திடவாம்மா? இல்ல, இதையே துடைச்சு இறுக்கவா?”

“உங்க இஷ்டம்.”

“இல்ல, சாப்பாடு கொண்டுபோற நேரமாச்சு. போய்ட்டு வந்து மாத்தவா?”

“உங்க இஷ்டம்.”

“நடு மலையில நின்னுட்டா பிள்ளைங்க பட்டினிம்மா!”

“உங்க இஷ்டம்ணே.”

அம்மையின் குரலில் கோபமில்லை. குறையில்லை. தேன் மாதிரி இருந்தது. அதுதான் ஆதிமூலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் பந்து அடிப்பது மாதிரிகூட இல்லை. சுவராக இருந்தால் பந்தாவது திரும்பி வரும்.

“என்னம்மா இது! நம்பிக் கேக்குறேன், உங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?”

கத்தியேவிட்டார். குரல் கீச்சென்று உடைந்தது. அப்போதுதான் மரத்துக்குத் திரும்பியிருந்த காகங்கள் மறுபடியும் பறந்தன.

ஆதிமூலம் அந்தக் காகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. அதை மூட வெகுநேரமாயிற்று.

“இப்பவே மாத்துங்க” என்றார் அம்மை மெதுவாக. “புதுசையே போடுங்க. ரொம்ப முறுக்கிடாதீங்க, பேரிங் போயிடும். கட்டைவிரல் அமுங்குற அளவுக்கு இடம் இருக்கட்டும்.”

ஆதிமூலம் ஸ்பேனரை எடுத்தார். டைனமோ போல்ட்டைத் தளர்த்தினார். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரங்களில் இருந்த எண்ணெயை வழித்துத் துடைத்தார். புதியதை மாட்டினார். கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் அமுங்கியது, திரும்பி நிமிர்ந்தது.

சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. கன்று நிம்மதியாக வைக்கோலை மென்றது.

சாப்பாட்டுப் பாத்திரங்களை ஏற்றினார்கள். அம்மையும் மேலே போகவேண்டியிருந்தது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஆதிமூலம் வண்டியை எடுக்கவில்லை. கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“என்னப்பா?” என்றாள் கயல். எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். “மறுபடியும் உன் இஷ்டம்னு சொல்றதா இருந்தா இப்பவே வச்சிடு! எனக்குக் கேட்டுக் கேட்டு...”

“பிடிச்சிருக்கு” என்றார் ஆதிமூலம்.

அந்தப் பக்கம் கத்தல் சட்டென்று நின்றது.

“பையனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு கயலு. செடிகிட்டப் பேசுறான் பாரு, அது பிடிச்சிருக்கு. உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறது பிடிச்சிருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்த மீசைதான் பிடிக்கலை. முனையில முறுக்கு, நடுவுல ஒண்ணுமில்லை. நல்லாவே இல்லை.”

“அப்பா!”

“நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன்.”

போனுக்குள்ளிருந்து வீல் என்று ஒரு சத்தம் வந்தது. ஆதிமூலம் பதறிப்போய்ப் போனைக் காதிலிருந்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டபோதும் அது கத்திக்கொண்டே இருந்தது. நடுவே அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ கலந்துவந்தது.

“அம்மா, இன்னும் கத்துறாளே!”

உமையாளம்மை தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் கேட்டார்.

“இது வேற சத்தம்ணே” என்றார். “வண்டிய எடுங்க.”