வாசலில் சுட்ட மண்

செம்மண் காட்டில் ஒரு வேலமரம். அதன் வேர்களுக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தது செவத்தி என்ற வெள்ளெலி. கண் திறக்காத நாலு குட்டிகள் அதற்கு. வயிற்றுப் பாரத்தோடு தோண்டிய வளை. அதனால் வழக்கம்போல ஆழமாகப் போகாமல் ஒரு முழத்தோடு நிறுத்தியிருந்தது.

சித்திரை வந்தது. அப்பப்பா, என்ன வெயில்! வளைக்குள் புழுங்கியது. குட்டிகள் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தன.

பக்கத்துப் புதரில் இருந்த நரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. முன்பு ஒரு தடவை இந்த வளையைத் தோண்டிப் பார்த்து, வேரில் நகம் உடைந்து திரும்பிய நரி அது. இப்போது நாக்கை நம்பி வந்தது.

"செவத்தி! தங்கச்சி! வாசல் மண்ணைத் தொட்டுப் பாரு!"

செவத்தி தொட்டது. "ஐயோ, சுடுதே!"

"மேலேயே இப்படின்னா கீழே எப்படி இருக்கும்? பானைக்கு அடியிலதானே சூடு அதிகம்! பிள்ளைங்க வெந்துபோகும். ஒவ்வொண்ணா வெளியே கொண்டா. நிழல்ல நான் பார்த்துக்கிறேன்!"

நரி எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று செவத்திக்குத் தெரியாதா? ஆனால் உள்ளே இருந்தால் நாலும் சாகும். ஒன்றிரண்டையாவது நரியின் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கப் புதருக்குள் கடத்திவிடலாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு குட்டியைக் கவ்விக் கிளம்பியது.

வாசலில் கால் வைத்ததும் பொசுக்கியது. துள்ளிப் பின்வாங்கியது. பாதி வழி இறங்கியதும் கால் சுடவில்லை. படுக்கைக்கு வந்தால் சூடு இன்னும் குறைவு!

"அட! இறங்க இறங்கக் குறையுதே! பானைக்கு அடுப்பு கீழே. இந்த மண்ணுக்கு அடுப்பு மேலேதானே எரியுது!"

குட்டியை இறக்கிவிட்டு வேர்களுக்கு இடையில் கீழ்நோக்கித் தோண்டியது. நகம் தேயத் தேயத் தோண்டியது. அடியில் சில்லென்ற மண் வந்தது. அங்கே கிடத்தியதும் குட்டிகள் மூச்சுவிட்டுப் பாலுக்கு முட்டின.

"தங்கச்சி, வர்றியா?"

"கிளம்பிக்கிட்டே இருக்கேன் அண்ணே!"

வெயிலில் நின்று நின்று பாதம் வெந்த நரி, திட்டிக்கொண்டே புதருக்குத் திரும்பியது.

மார்கழி வந்தது. பனியில் நனைந்து, பல் கிடுகிடுக்க நரி மறுபடியும் வாசலுக்கு வந்தது.

"தங்கச்சி! வாசல் மண்ணு பனிக்கட்டியா இருக்கு! அடியில விறைச்சே போயிருப்பீங்க. வெளியே வாங்க, வெயில் காயலாம்!"

செவத்தி சிரித்தது. "மேலே அடுப்பு அணைஞ்சா கீழே உடனே ஆறிடுமா அண்ணே? கோடையில வந்த சூடு இன்னும் எங்க வீட்டைவிட்டுக் கிளம்பலை. மூக்கை நீட்டித்தான் பாரேன்!"

நரி மூக்கை நீட்டியது. வளையிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. அது கண்ணை மூடி, வந்த வேலையை மறந்து குளிர் காய்ந்தது.

செவத்தி கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தது. பிறகு பின்னங்காலால் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்தது.

அடுத்தவர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, தன் காலில் பட்டதை நம்புகிறவரே பிழைத்துக்கொள்வார்.