குனியாத நாட்டாமையும் மடக்குக் கத்தியும்

இல்ல, இந்தக் கதையில ராஜா வரமாட்டாரு. இருக்காரு, ஆனா வரமாட்டாரு. அவரு அரமணை மூணு நாள் நடை. நடந்து போய்ச் சேந்தா, "உங்க ஊரு நாட்டாமைகிட்டப் போய்ச் சொல்லு"ன்னு திருப்பி அனுப்பிருவாரு. அதனால ராஜாவ விட்டுருங்க. ஒரு ஆட்டுக்காரன் வருவான், ஒரு நாட்டாமை வருவாரு, ஒரு கத்தி வரும். போதுமா? அப்ப ஊம் கொட்டுங்க. நீங்க நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல சோணமுத்துன்னு ஒரு ஆட்டுக்காரன் இருந்தான். அவனுக்கு இருபது ஆடு, ஒரு பொண்டாட்டி, ஒரு மடக்குக் கத்தி. இதுல கத்திதான் ரொம்ப மோசம். ஆணி கழண்டு, அலகு கெழவன் பல்லு மாதிரி ஆடும். தொறக்க ரெண்டு கை வேணும். தொறந்தா நிக்காது, தானா மெதுவா வந்து படுத்துக்கும். கத்திரிக்காய வெட்டச் சொன்னா யோசிக்கும், கயித்த வெட்டச் சொன்னா முடியாதுன்னுரும். ஒரு தடவ ஆட்டுக் குளம்புல முள்ளு ஏறி, இந்தக் கத்திய வச்சு எடுக்கப் போயி, முள்ளு பாதி உள்ளயே ஒடிஞ்சு, அந்த ஆடு ஒரு மாசம் நொண்டுச்சு.

அப்பதான் அவன் பொண்டாட்டி இருளாயிகிட்ட சொன்னான்: "இந்தா பாரு, நல்ல கத்தி ஒண்ணு வாங்கப் போறேன்."

"வாங்கு. எதக் குடுத்து வாங்குவ?"

"வெள்ளக் கிடாயக் குடுத்து."

"கத்திக்குக் கிடாயா? கிடாய வளத்தவ நானு, ஒரு வார்த்த கேட்டியா?"

"இப்பக் கேக்குறேன்ல?"

"முடிவு பண்ணிட்டுக் கேக்குற," அப்படின்னா. ஆனா அவதான் நொண்டுன ஆட்டுக்கு ஒரு மாசம் மஞ்சப் பத்துப் போட்டவ. அதனால கிடாய அவளே அவுத்துக் குடுத்தா.

கிடாயப் புடிச்சுக்கிட்டு சந்தைக்குப் போனான். அங்க மாயக்கான்னு ஒரு பொம்பள சாக்க விரிச்சு கத்தி வித்துக்கிட்டிருந்தா. பட்டறையும் அவளுதுதான், நாக்கும் அவளுதுதான், நாக்கும் கத்தியும் ஒரே கூரு. மூணு மடக்குக் கத்திய எடுத்து வரிசையா வச்சா.

மொதக் கத்திக்குப் பித்தளப் புடி, அதுல மயிலு ஆடுது. சோணமுத்து தொறந்து ஆட்டிப் பாத்தான். மயிலோட சேந்து அலகும் ஆடுச்சு. கீழ வச்சுட்டான்.

ரெண்டாவது கத்தி கண்ணாடி கணக்கா மின்னுச்சு. பாத்தான், அவன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. "எனக்கு மூஞ்சி பாக்கக் கத்தி வேண்டாம்க்கா"ன்னுட்டு, கட்டவெரலால அலக அழுத்துனான். வளஞ்சுச்சு. அதையும் கீழ வச்சுட்டான்.

மூணாவது கத்தி கருப்பா, மாட்டுக்கொம்புப் புடி போட்டு, ஒரு அழகும் இல்லாம கெடந்துச்சு. தொறந்தான். டக்! ஆட்டுனான், அசையல. அழுத்துனான், வளையல. மொழங்கைல வச்சு இழுத்தான், முடி பூரா உதுந்துருச்சு. அப்புறம் கிடா கழுத்துல இருந்த கத்தாழக் கயித்துல வச்சான் பாருங்க, ஒரே இழு. கயிறு ரெண்டா விழுந்துச்சு. கிடா அவன நிமுந்து பாத்துச்சு.

"கயித்த வெட்டிட்டீல்ல, கிடா எனக்கு"ன்னு மாயக்கா கிடா காதப் புடிச்சு அந்தப் பக்கம் கட்டிக்கிட்டா. பழைய கத்தியையும், "ஆணிக்காச்சும் ஆகும், குடு"ன்னு வாங்கிக்கிட்டா.

பெறகு சொன்னா: "தம்பி, இதக் கேட்டுக்க. நல்ல கத்திக்கு, அலக இழுத்து மடக்குற வில்லு பலமா இருக்கும். மடக்கும்போது முதுகுல உள்ளங்கைய வச்சு அமுக்கு, விரல வழியில வைக்காத. பாதி வரைக்கும் உன் பேச்சக் கேக்கும். பாதி தாண்டுனா அது பேச்சுதான்."

"சரிக்கா, குடு."

"கத்திய யாராச்சும் கையில குடுப்பாங்களா? சண்ட வரும். கீழ வைக்கிறேன், நீயே எடுத்துக்க."

கீழ வச்சா, அவன் குனிஞ்சு எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டான். வீட்டுக்கு வந்து எண்ணெயப் போட்டுத் தொடைக்கிறான், தொடைக்கிறான், தொடைச்சுக்கிட்டே இருக்கான். இருளாயி பாத்துட்டு, "என்னைய ஒரு நாள் இப்படிப் பாத்திருக்கியா?"ன்னா. இவன் கத்திய மடக்குனான். டக்!

ஊம் எங்க? ஆங்.

அந்த ஊரு நாட்டாமை பேரு தவசிலிங்கம். அவருக்கு எல்லாமே அவரு வலது கை ஆள்காட்டி வெரல்தான். அந்த வெரலு யாரப் பாத்து நீளுதோ அவன் குத்தவாளி. பஞ்சாயத்துல வழக்கெல்லாம் கேக்க மாட்டாரு, வெரல நீட்டுவாரு, முடிஞ்சுது. இன்னொண்ணு, அவரு யாருக்கு முன்னாடியும் குனிய மாட்டாரு. செருப்பு மாட்டக்கூட ஆளு வச்சிருந்தாரு.

ஒரு நாளு சோணமுத்து சாவடி வழியாப் போறான். பத்துப் பேரு உக்காந்திருக்காங்க. நாட்டாமை வெரல நீட்டி, "ஏலேய், இடுப்புல என்னடா? எடு, பாப்போம்"ன்னாரு.

எடுத்துத் தொறந்து காட்டுனான். டக்! அந்தச் சத்தத்தக் கேட்டதும் நாட்டாமைக்கு வாயில எச்சி ஊறிருச்சு.

"குடு, பாக்கு சீவிட்டுத் தாரேன்."

சோணமுத்து கத்தியக் கீழ வச்சான். "எடுத்துக்கங்கய்யா."

"நான் குனியணுமா? உனக்கு முன்னாடி?"

"கத்தியக் கையில குடுக்கக் கூடாதுங்கய்யா..."

"கையில குடுடா."

பத்துப் பேரும் வேற பக்கம் பாத்தாங்க. கத்திய எடுத்துக் கையில குடுத்தான். அவரு பாக்கு சீவுனாரு, வெத்தல போட்டாரு, துப்புனாரு, எந்திரிச்சாரு, கத்தியோட போயிட்டாரு.

மூணு நாள் கழிச்சு சோணமுத்து அவரு வாசல்ல போயி நின்னான். உள்ள வெத்தலத் தட்டுல கத்தி தொறந்தபடியே கெடக்கு. மடக்கவே இல்ல. அடுத்தவன் பொருளுதானே.

"ஐயா, என் கத்தி..."

"பாக்கு இன்னும் தீரல."

"இருக்கட்டுங்கய்யா. அத மடக்குறதுல மட்டும் ஒரு வெவரம் இருக்கு, அதச் சொல்லிட்டு..."

"கத்தி மடக்க எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா? போடா."

வந்துட்டான். இருளாயி, "ராஜாகிட்டப் போ"ன்னா. ராஜா என்ன சொல்வாருன்னுதான் உங்களுக்குத் தெரியுமே.

அப்புறம் பத்து நாள் இருக்கும். காட்டுல மேச்சல். செம்பின்னு ஒரு செனை ஆடு, இன்னும் ரெண்டு நாள்ல ஈனணும். பொதருக்குள்ள எலையக் கடிக்க தலைய விட்டுச்சு. அங்க யாரோ பன்னிக்கு வச்ச சுருக்கு. கழுத்துல விழுந்துருச்சு. இழுக்க இழுக்க இறுகுது. கத்தாழக் கயிறு. அதே கயிறுதான், சந்தையில ஒரே இழுல போச்சே, அதே மாதிரிக் கயிறு.

சோணமுத்து ஓடிப் போயி கையால இழுத்தான், விடல. பல்லால கடிச்சான், விடல. கல்ல எடுத்துக் குத்துனான், விடல.

என்ன கேட்ட? தொரட்டியா? நல்ல கேள்வி. தொரட்டி அன்னைக்குப் பாத்து பட்டறையில இருந்துச்சு, பூண் போட. அருவா வீட்ல இருக்கு, வீடு ரொம்பத் தூரம். நாட்டாமை வீடு கூப்பிடு தூரம். இவனும் அங்கதான் ஓடுனான். அதுதான் அவன் பண்ண தப்பு. பக்கத்துல இருக்கவன் குடுப்பான்னு நெனச்சது.

"ஐயா! ஐயா! ஆடு சுருக்குல மாட்டிக்கிச்சு! கத்தியக் குடுங்க, வெட்டிட்டு ஒடனே கொண்டாந்துருவேன்!"

நாட்டாமை எலையில உக்காந்திருந்தாரு. உள்ள இருந்தபடியே வெரல நீட்டுனாரு. "சாப்புடுற நேரத்துல வாசல்ல நின்னு கத்துறியா? அங்கயே நில்லு."

நின்னான். அவரு சோறு தின்னாரு. ரசம் ஊத்திக்கிட்டாரு. மோரு ஊத்திக்கிட்டாரு. இவன் நிக்கிறான். கத்தி கண்ணுக்கு நேரா தட்டுல கெடக்குது, அஞ்சு எட்டு வச்சா எடுத்துரலாம். ஆனா நாட்டாமை வீட்டுக்குள்ள ஏறி எடுத்தா களவு. அவன் கையப் பாத்தான், காலப் பாத்தான், கத்தியப் பாத்தான். அப்புறம் வெறுங்கையோட திரும்பி ஓடுனான்.

செம்பி படுத்திருந்துச்சு. கண்ணு தொறந்திருந்துச்சு. வயித்துல கைய வச்சான். குட்டி ஒரு தடவ அசஞ்சுச்சு. அப்புறம் அசையல.

ஆடு என்ன சொல்லுச்சா? ஆடு பேசாது. அந்த மாதிரிக் கதை இல்ல இது.

மறுநாள் மூணாவது தடவையாப் போனான். என்னத்துக்குப் போனான்னு அவனுக்கே தெரியல. திட்டப் போனானா, அழப் போனானா, ஆடு செத்துருச்சுன்னு சொல்லப் போனானா, எதுவும் தெரியாது. போயி வாசல்ல நின்னான். நாட்டாமை பட்டு வேட்டி கட்டிக்கிட்டுக் கெளம்புறாரு. எட்டு ஊரு நாட்டாமைங்களும் கோயில்ல கூடுற நாளு. அங்க கொண்டு போயிக் காட்டத்தான் அந்தக் கத்தி. அப்படியே ஒரு வேலக்காரன் தட்டோட தூக்கிக்கிட்டு நிக்கிறான்.

இவனப் பாத்ததும் நாட்டாமைக்கு ஞாபகம் வந்துச்சு. மொதத் தடவையா நல்ல வாயில பேசுனாரு.

"வாடா. அன்னைக்கு என்னமோ மடக்குறதப் பத்திச் சொல்ல வந்தியே, என்ன அது?"

சோணமுத்து கத்தியப் பாத்தான். பித்தள மயிலு இல்ல, கண்ணாடி மினுப்பு இல்ல. அவன் பாத்துப் பாத்து எடுத்தது. எண்ணெயப் போட்டுத் தொடைச்சது. மாயக்கா சொன்னது பூரா வாய் வரைக்கும் வந்துச்சு. விரல வழியில வைக்காதங்கிறது பல்லு வரைக்கும் வந்து நின்னுச்சு.

"ஒண்ணுமில்லீங்கய்யா. நல்லா மடங்கும்."

பொய் சொல்லல, பாத்துக்கங்க.

கோயில்ல எட்டு நாட்டாமைங்களும் சுத்தி உக்காந்து வெத்தல போடுறாங்க. நம்ம ஆளு கொட்டப்பாக்கச் சீவு சீவுன்னு சீவித் தள்ளுறாரு. காயிதம் மாதிரி விழுது. "அடேயப்பா, எங்க புடிச்சீங்க இத?"ன்னாரு ஒருத்தரு. "எனக்குன்னே சொல்லிச் செஞ்சது"ன்னாரு. "எங்க, மடக்கிக் காட்டுங்க, சத்தத்தக் கேப்போம்"னாரு இன்னொருத்தரு.

அலகு வந்து விழுற பக்கமா நாலு வெரலையும் வளச்சுப் புடியப் புடிச்சுக்கிட்டு, கத்தி முதுகத் தொடையில வச்சு ஒத்தக் கையால அமுக்குனாரு. பாதி வரைக்கும் அவரு பேச்சக் கேட்டுச்சு.

டக்!

வெத்தல மேல வெரலு கெடந்துச்சு. ஆள்காட்டி வெரலு, ரெண்டு கணுவோட. அதே எலைய எடுத்துச் சுண்ணாம்பு தடவப் போனவரு கைய எடுத்துக்கிட்டாரு. அன்னைக்குக் கூட்டம் அதோட கலஞ்சுச்சு.

மறுநாள் ஊர்ல பஞ்சாயத்து. நாட்டாமை கைய மஞ்சத்துணியில பொதிஞ்சுக்கிட்டு சாவடியில உக்காந்தாரு. "இதுக்குக் காரணம் இவன்தான்!"னு கைய நீட்டுனாரு. நீட்டுனா, வெரல் இல்ல, துணி உருண்டைதான் இருக்கு. அது யாரப் பாக்குதுன்னு யாருக்குத் தெரியும்? "நான் இல்லீங்க"ன்னான் ஒருத்தன். "என்னையாங்க?"ன்னான் ஒருத்தன். "தூணச் சொல்றாரு போல"ன்னான் ஒருத்தன். எங்கயோ ஒரு சிரிப்பு கேட்டுச்சு. அந்தச் சாவடியில அதுக்கு முன்னாடி யாரும் சிரிச்சதில்ல.

"சோணமுத்துவச் சொல்றேன்! கத்தியக் கையில குடுத்தான், சண்ட வந்துச்சு. குத்தம் அவனுது!"

சோணமுத்து சொன்னான்: "நான் கீழதாங்க வச்சேன். ஐயாதான் குனிய மாட்டேன்னாரு."

அன்னைக்கு வேற பக்கம் பாத்த பத்துப் பேரும் அங்க இருந்தாங்க. அதுல ஒரு கெழவன், கண்ணு சரியாத் தெரியாதவன், மொள்ள எந்திரிச்சு, "ஆமா, கீழ வச்சான், நான் பாத்தேன்"னான். அப்புறம் ஒருத்தன், அப்புறம் ஒருத்தன். வெரலு நீளாதுன்னு தெரிஞ்சப்புறம் எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு.

"அப்படின்னா கத்திய அவன்கிட்டத் திருப்பிக் குடுங்க. மொறையாக் குடுங்க"ன்னாங்க.

மொறையான்னா எப்படி? கீழ வைக்கணும். வேலக்காரன் தொட மாட்டேன்னுட்டான், ரத்தம் பாத்த கத்தி. நாட்டாமை எந்திரிச்சாரு. எடது கையால எடுத்தாரு. ஊரே பாக்க, ஆட்டுக்காரனுக்கு முன்னாடி, குனிஞ்சாரு. பழக்கம் இல்லாத முதுகு, ரொம்ப நேரமாச்சு குனிய. கீழ வச்சாரு.

சோணமுத்து எடுத்துக்கிட்டான். மண்ணத் தொடச்சான், தொறந்தான், மடக்குனான். டக்! நாட்டாமை மிச்சம் இருந்த ஒம்பது வெரலையும் மடியில ஒளிச்சுக்கிட்டாரு.

கத்தி வந்துருச்சு. வீட்டுக்குக் கொண்டு போயிக் காட்டுனான். இருளாயி பாத்தா. "அப்பவே சொல்லியிருந்தா அவரு வெரலு இருந்திருக்கும்ல?"ன்னா. "இருந்திருக்கும்"னான். "சொன்னா செம்பி வந்திருக்குமா?"ன்னா. "வந்திருக்காது"ன்னான். அவன் கத்திக்கு எண்ணெயப் போட்டான், ஆனா முந்தி மாதிரித் தொடைக்கல.

இப்பக் கேளுங்க. கையி அப்படி ஆனதால நாட்டாமைக்குப் பாக்கு சீவ வரல. வேற கத்தி எதுவும் புடிக்கல. தெனமும் மதியச் சோத்துக்கு அப்புறம் வாசல்ல நின்னு கூப்பிடுவாரு: "ஏப்பா சோணமுத்து, வந்துட்டுப் போ." டா எல்லாம் போயிருச்சு. இவன் ஆட்ட விட்டுட்டுப் போவான். அதே வாசல், அதே தட்டு. தொறப்பான், டக்! நாட்டாமை கையப் பொத்திக்குவாரு. சீவுவான். மடக்குவான், டக்! மறுபடி பொத்திக்குவாரு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, அவரு சாகுற வரைக்கும்.

ஏன் போனானா? அந்த ஊர்லதானே இருக்கணும். நாட்டாமைக்கு வெரலுதான் போச்சு, நாட்டாமை போகல. அதான் சொல்றேன், நல்ல கத்தியாப் பாத்து வாங்குங்க, ஆட்டிப் பாருங்க, அழுத்திப் பாருங்க, வெட்டிப் பாருங்க. வாங்குனப்புறம், குனிஞ்சு எடுக்க மாட்டேங்கிறவன் கையில மட்டும்...

யாரு, தெருவுல கூப்பிடுறது? என்னையா? வந்துட்டேன், வந்துட்டேன், ஏன் அந்தக் கத்து கத்துறீங்க?

சரி, கூப்பிட்டாச்சு. கதைய மடக்கப் போறேன், எல்லாரும் விரல எடுத்துக்கங்க.